உள்ளே உட்கார்ந்து பார்த்த ஆட்டம்

"நீ உள்ள வராத பாப்பா. நீ வந்து உக்காந்தாவே விக்கெட் வுழுது. ஒனக்கு ராசி இல்ல."

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அண்ணன் ரவி இப்படிச் சொன்னான். கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றிருந்தேன். உள்ளே டிவியில் இந்தியா ஆடிக்கொண்டிருந்தது. அந்த உள்ளே இருந்த காலை நான் வெளியே எடுத்துவிட்டேன். அவன் சொன்னதைச் சுமந்துகொண்டே விமானம் ஏறி, கனடாவின் நடுவில் கடலே இல்லாத இந்த ஊர்வரை வந்திருக்கிறேன் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரிந்தது.

இந்த ஊரில் எனக்கு இன்னமும் பழகாத விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியே ஏப்ரல் வரைக்கும் பனி இலவசமாகக் கொட்டிக் கிடக்கும். அதை வாரித் தள்ளி இடுப்பு ஒடிந்துபோன மனிதர்கள், விடுமுறை நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பெரிய கட்டடத்துக்குள் போவார்கள். அங்கே மெஷின் வைத்துத் தனியாக ஐஸ் செய்து தரை முழுக்கப் பரப்பி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான பேர் கம்பளி போர்த்தி உட்கார்ந்துகொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள். எனக்கு ஐஸ் என்றால் மீன் வாசனை. கடப்பாக்கத்தில் விடிகாலையில் சாக்குப் போட்டு மூடி ஐஸ் பார் வந்து இறங்கும்; கட்டையால் அடித்து நொறுக்கி வஞ்சிரத்தின் மேலும் சங்கராவின் மேலும் அள்ளிப் போடுவார்கள். இங்கே முதல்முறை அரங்கத்துக்குள் நுழைந்தபோது என்னை அறியாமல் மூச்சை இழுத்து மீனைத் தேடினேன். பாப்கார்ன் வாசனைதான் வந்தது.

என்னை அங்கே அழைத்துப் போனவர் லிண்டா. அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. அவருக்கும் அவர் கணவர் கேரிக்கும் சீசன் முழுக்க மூன்று இருக்கைகள் உண்டு. மூன்றாவது இருக்கைக்குரிய மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அது காலியாக இருந்தது. "சும்மாதானே கிடக்கிறது, வந்து உட்கார்" என்றார். அப்படித்தான் ஐஸ் ஹாக்கி எனக்குள் வந்தது. நம் ஊர் ஹாக்கி மாதிரி வளைந்த மட்டை. பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. காலில் கத்தி கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ வேகத்தில் வந்து ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள். பல் விழுந்தால் துப்பிவிட்டு ஆடுவார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே நான் 'நம்ம டீம்' என்று பேசத் தொடங்கியிருந்தேன். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. ஆட்டம் இறுகி வரும்போதெல்லாம் காபி வாங்க எழுந்து போய்விடுவேன். எனக்குக் காபி ரொம்பப் பிடிக்கும் என்று லிண்டா நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அம்மா, கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருந்த அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு வீட்டில் கலர் டிவி வாங்கியதும் பழைய கறுப்பு வெள்ளை டிவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். படம் நன்றாகவே வரும், ஆண்டெனா சென்னைப் பக்கம் பார்த்து நின்றால். எங்கள் ஊர்க் கடற்காற்று அதை ஒரு நிமிடம் நிற்கவிடாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் யாராவது ஒருவர் ஆண்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ராசி இல்லை என்று வெளியே அனுப்பப்பட்டவள் நான். சும்மா நிற்பானேன் என்று அந்த வேலை என் கைக்கு வந்தது.

"இன்னாண்ணா, தெரியுதா?"

"புள்ளி புள்ளியா கீது. கொஞ்சம் கடல் பக்கம் திருப்பு."

"இப்போ?"

"ஆங்! அப்டியே நில்லு! மூச்சு வுடாத!"

அப்படியே நிற்பேன். எத்தனையோ ஆட்டங்களை நான் உள்ளேயிருந்து வந்த கூச்சல்களாகவே அறிந்திருக்கிறேன். ஒரே சமயத்தில் கத்தினால் பவுண்டரி, யாரோ தொடையில் அடித்துக்கொண்டால் விக்கெட். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக வாழ்ந்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண்களில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் கை என்னுடையது. அந்தக் கையில் அன்றைக்கு ஒரு துருப்பிடித்த குழாய் இருந்தது.

ராசி என்பது ஒட்டிக்கொண்டால் போகாது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிப் பொத்தேரியில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை வந்து, "ராசி இல்லாத பொண்ணுன்றாங்க, இவள இவ்ளோ படிக்க வெச்சி இன்னா ஆவப் போவுது?" என்று கேட்டார். அம்மா துணி பிழிந்துகொண்டே, "அது மேச்சுக்குத்தான். பரீச்சைக்கி இல்ல" என்றார். அம்மாவின் கணக்கு சரியாகவே இருந்தது. தேர்ச்சி, வேலை, விசா என்று எல்லாம் எனக்கு ஒழுங்காக நடந்தன. ஆனால் ஹாஸ்டல் டிவி அறையில் கடைசி ஓவர் வந்தால் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். படித்த பெண், ராசியை எல்லாம் நம்புகிறவள் இல்லை. கால்தான் நம்பியது.

ஆகவே, நான் உள்ளே உட்கார்ந்து, கடைசிவரை பார்த்து, என் பக்கம் ஜெயித்த ஆட்டம் என்று ஒன்றுகூட என் வாழ்க்கையில் இல்லை. போன ஞாயிறு மதியம் லிண்டாவோடு அரங்கத்துக்குப் போகும்போதும் அதுதான் மனதில் இருந்தது. அன்று ஜெயித்தால் எங்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். தோற்றால் இந்த வருடம் அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியது.

கேரி எங்களுக்காக வாசலில் காத்திருந்தார். எப்போதும் மழமழவென்று இருக்கும் முகத்தில் இரண்டு வாரத்துத் தாடி. எனக்குத் திக்கென்றது. குரலைத் தாழ்த்தி, "உங்கள் வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "இன்னும் இல்லை. இன்றைக்குத் தோற்றால் ஒருவர் போவார். நான்தான்."

நம் அணி கோப்பைப் போட்டியில் இருக்கும்வரை இங்கே சவரம் செய்யக்கூடாதாம். ஆட்டக்காரர்களும் அப்படித்தான், ரசிகர்களும் அப்படித்தான். எனக்கு ஆனந்தமாகிவிட்டது. "இது எங்கள் ஊரிலும் உண்டு, இதற்கு வேண்டுதல் என்று பெயர். முடிந்ததும் கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துக்கொள்வோம்" என்றேன். கேரி குல்லாவைக் கழற்றித் தன் வழுக்கையைக் காட்டி, "என் கடவுள் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்" என்றார்.

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே கோணலாகப் போனது. எதிரணி ஒரு கோல் போட்டது. பிறகு இன்னொன்று. இரண்டாவது இடைவேளை முடிந்து கடைசிப் பகுதி தொடங்கியபோது எங்கள் பகுதியில் ஒருவர்கூடப் பாப்கார்ன் தின்னவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கேரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்து இப்படி, நான் பார்த்தால் என் பக்கம் தோற்கும் என்று. சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். இவர்கள் வானிலையை மணிவாரியாக முன்கூட்டிச் சொல்கிற தேசத்துக்காரர்கள்.

கேரி சிரிக்கவில்லை. முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அப்படியானால் நீ ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?"

லிண்டா கையுறையால் அவர் தோளில் ஓங்கி அடித்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

வெளித் தாழ்வாரத்தில் பாப்கார்ன் விற்கும் பெண்ணும் நானும் மட்டும். கொஞ்ச நேரத்தில் கட்டடமே அதிர்ந்தது. ஒரே சமயத்தில் கத்துகிறார்கள், அப்படியென்றால் நமக்கு. அந்தக் கணக்கு எனக்குப் பாடம். அப்புறம் நீண்ட மௌனம், ஒரு முனகல், மறுபடியும் அதிர்வு. சமம்! கேரி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார், தாடியெல்லாம் கடுகுச் சாஸ். என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"நகராதே! அப்படியே நில்!"

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாப்கார்ன் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

ஆட்டம் சமத்தில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி முதல் கோல் போடுகிறவர்கள் வென்றவர்கள். கூடுதல் நேரமும் கோல் இல்லாமல் ஓடி, இரண்டாவது கூடுதல் நேரம் தொடங்கியது. கூச்சல் எழும், அடங்கும். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். சுவரோரம் இருந்த இரும்புக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தேன். விரல்கள் வெளுத்திருந்தன. இங்கே காற்றும் இல்லை, ஆண்டெனாவும் இல்லை. நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்?

விட்டுவிட்டு உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும் கேரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, வேண்டாம். வெளியே போ, உனக்குப் புண்ணியமாகப் போகும்" என்கிற அர்த்தத்தில் ஏதோ ஆங்கிலத்தில் கெஞ்சினார். எனக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

"நா போ மாட்டேன். இது என் சீட்டு."

தமிழில்தான் சொன்னேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது. காலை மடக்கி வழிவிட்டார்.

நான் உட்கார்ந்த மறு நிமிடம் எதிரணிக்காரன் அடித்த வட்டு எங்கள் கோல் கம்பத்தில் 'டங்' என்று மோதித் தெறித்தது. வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எங்கள் கோல்கீப்பர் குப்புற விழுந்து அடுத்ததைத் தடுத்தார். அதற்கடுத்ததை முகமூடியால் தடுத்தார். வட்டு அங்கிருந்து சறுக்கிச் சறுக்கி நடுவுக்கு வர, மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு ஆடிய எங்கள் குள்ளமான ஆள் அதை எடுத்துக்கொண்டு பறந்தான். ஒருவன் அவனை இடித்தான். அவன் விழுந்துகொண்டே அடித்தான். எதிர் கோல்கீப்பரின் இரண்டு கால்களுக்கும் நடுவே அந்தக் கறுப்பு வட்டு போவதை நான் பார்த்தேன். பின்னால் வலை மெல்லப் புடைப்பதைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அதற்கப்புறம்தான் எரிந்தது.

"அவுட்டு!" என்று கத்தினேன். "அவுட்டு! அவுட்டு!"

வேறு வார்த்தை வாயில் வரவில்லை. கேரி என்னைப் பார்த்து, இது ஏதோ இந்திய ஜெயகோஷம் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி "அவுட்டு! அவுட்டு!" என்றார். பின் வரிசையில் இருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். லிண்டா மட்டும் என் தோளில் சாய்ந்து, "ஜெயித்துவிட்டோமே, இன்னும் இரண்டு வாரம் அந்தத் தாடியோடு குடித்தனம் செய்ய வேண்டுமே" என்று அழுவதுபோல் சிரித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் நின்றே அண்ணனுக்கு போன் போட்டேன். அங்கே விடியும் நேரம். ரவி அண்ணன் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், முதல் சவாரி ஏற்றியிருப்பான்.

"இன்னா பாப்பா, இந்நேரத்துல? ஒடம்பு நல்லா கீதா?"

"ஜெயிச்சிட்டோம்ணா!"

"யாரு, இந்தியாவா? இன்னிக்கி மேச்சே இல்லியே."

"இங்க. ஐஸ் ஹாக்கி."

"ஐஸ் மேலயா? வழுக்காது?"

"வழுக்கிக்கினேதான் ஆடுவாங்க. அத்த வுடுண்ணா. நா உள்ள உக்காந்து பாத்தேன். பாத்தும் ஜெயிச்சாங்க."

"சரி, அதுல இன்னா?"

"எனக்கு ராசி இல்லன்னு நீதான சொன்ன?"

அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தான். ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படிச் சிரிப்பு.

"ராசியாவது மண்ணாங்கட்டியாவது! கம்பத்தப் புடிக்க ஆளு வேணும்ல? வேற யார நிக்க வெச்சாலும் ஆட்டிக்கினே இருப்பானுங்க. நீ ஒருத்திதான் கெட்டியா நிப்ப. சும்மா போய் நில்லுன்னா நிப்பியா? ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்ப. அதான் ராசின்னு சொன்னேன்."

"இத்தன வருசமா ஏன்ணா சொல்லல?"

"நீ நெசமாவே நம்பிக்கினு இருந்தியா? காலேஜி படிச்சவதான நீ!"

அந்தக் குளிரில் நின்று நான் திட்டிய திட்டு அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்காது. நானும் சிரித்துக்கொண்டே திட்டியதால் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. கண்ணில் வந்த நீர் இமையிலேயே உறைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் லிண்டாவிடம், அடுத்த சீசனுக்கு அந்த மூன்றாவது இருக்கையை நான் என் பெயரில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அன்றைக்கே எடுத்தும்விட்டேன். நீல நிற இருக்கை; எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும். மாலையில் அண்ணனை அழைத்து, டிவிக்கு நேர் எதிரே எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட வேண்டும், அது அவனுக்கு நான் போடும் அபராதம் என்றேன். வீட்டில் இப்போது கேபிள் இருக்கிறது. பழைய ஆண்டெனாக் குழாயில் அம்மா கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்.

நேற்று அண்ணன் பேசினான். "சேர் வந்துடுச்சி. செவப்புக் கலரு. அம்மா அதுல ஒருத்தரையும் உக்கார வுட மாட்டேங்குது. நா உக்காந்தாகூட எந்திரின்னுது."

டிசம்பரில் ஊருக்குப் போகிறேன்; அப்போது அங்கே கிரிக்கெட், இங்கே ஹாக்கி. நான் இல்லாத ஆட்டங்களில் அணியின் கதி என்ன என்று கேரி இப்போதே புலம்புகிறார். அவர் கணக்கில் நான் ராசிக்காரியாகிவிட்டேன். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. கடப்பாக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலியும் இங்கே ஒரு நீல இருக்கையும் எனக்காகக் காலியாக இருக்கின்றன. அண்ணனிடம் 'வரேன்' என்று சொல்லியிருக்கிறேன். கேரியிடம் 'போயிட்டு வரேன்' என்று.