மிஸ் கொண்டுவந்த காபரேட்டர் ஊசிகள்

மருந்துக்கடையில் குளிகை போட்டுக் கொடுப்பார்களே, காலை, பகல், இரவு என்று அச்சடித்த சின்னக் கடதாசி உறை, அதற்குள்தான் அந்த ஊசி இருந்தது. பித்தளை ஊசி, இரண்டு அங்குலம் வரும். நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் 'காபரேட்டர் ஊசி' என்று வடிவான கையெழுத்தில் எழுதி, அதற்குக் கீழே 'ஓம்' என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய கார் உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றின் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். எண்ணெய்க் கந்தையில் சுற்றி வரும், பத்திரிகையில் சுற்றி வரும், ஒருவர் காலுறைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். குளிகை உறைக்குள் சாமான் வந்தது அன்றைக்குத்தான். கொண்டுவந்தவர் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கடையில் எல்லோரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம், அவருடைய கணவரைச் சேர் என்றோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழைய ஆங்கிலக் கார்களின் காபரேட்டருக்குள் பிஸ்டன் ஒன்று ஏறி இறங்கும். அதன் அடியில் பூட்டியிருப்பது இந்த ஊசி. அது எந்த அளவில் கூராகிக்கொண்டு போகிறதோ அந்த அளவில்தான் எஞ்சினுக்குப் பெற்றோல் போகும். எத்தனையோ விதமான ஊசிகள் உண்டு, ஆனால் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். தண்டில் கடுகளவில் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ கொத்தியிருக்கும், அதைப் பூதக்கண்ணாடி பிடித்து வாசிக்க வேண்டும். காபரேட்டர் மூடியின் ஸ்குரூவுக்குக் கீழே ஒரு சின்ன அலுமினியத் தகடும் இருக்கும். அதிலுள்ள இலக்கத்தைப் பார்த்தால் எந்தக் காருக்கு, எந்த எஞ்சினுக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் கொழும்பில் தகட்டோடு ஒரு காபரேட்டரைக் காண்பது அருமை. முதல் தடவை கழற்றுகிற பாஸே, மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வது, 'இது என்னத்துக்கு' என்று அதை எறிந்துவிடுவார். அதற்குப் பிறகு எல்லாம் கண்மதிப்புத்தான்.

மிஸ்ஸின் கதை இதுதான். வீட்டில் அவர்களிடம் ஒரு பச்சை நிற மைனர் கார் இருந்தது. அதை வேறு யாரையும் தொட விடாமல் சேர் தானே பார்த்துவந்தார். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காபரேட்டரையும் எஞ்சினின் மேற்பாகத்தையும் கழற்றிப் பின் விறாந்தையில் பரப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலிமுகக் கடற்கரைக்குப் போவோம் என்றாராம். சனிக்கிழமை காலையில் பாரிசவாதம் வந்து விழுந்தார். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. யாரோ உதவிக்கு வந்தவர்கள், விறாந்தையில் கிடந்ததையெல்லாம் அள்ளி அங்கிருந்த பிஸ்கட் டின்களுக்குள் போட்டார்கள். அங்கேதான் வினை. இறக்குமதி இல்லாத காலத்தைக் கண்ட கொழும்புக் கார்க்காரர்கள் ஒரு சாமானையும் எறிய மாட்டார்கள். எந்தக் காரில் கழன்றதென்றாலும் 'ஒருநாள் உதவும்' என்று டின்னுக்குள் போட்டுவைப்பார்கள். சேரும் அந்த ரகம். அந்த டின்களில் ஏற்கெனவே மூன்று நான்கு கார்களின் சாமான்கள் கிடந்தன. அதற்குள் மைனரின் சாமான்களும் போய்க் கலந்துவிட்டன. டின்னில் எடுத்ததைக் காட்டி, அதோடு பூட்டுகிற மற்றச் சாமானை வாங்கத்தான் மிஸ் கடைக்கு வந்திருந்தார்.

கண்ணாடியைப் பிடித்து ஊசியைப் பார்த்தேன். "மிஸ், இது உங்கட காருக்குப் போடுறது இல்ல. இது பெரிய எஞ்சினுக்கு உள்ளது" என்றேன். மிஸ் கோபிக்கவில்லை. கணக்கில் பிழைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "இல்லைத் தம்பி. நான் அவரிட்டக் காட்டிக் கேட்டுத்தான் கொண்டுவந்தனான். அவர் ஓம் எண்டவர்."

உறையில் எழுதியிருந்த ஓமின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. டின்னிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போயிருந்து, "இதுதானே?" என்று கேட்பாராம். சேர் உற்றுப் பார்த்துவிட்டு, ஆம் என்பதற்கு ஓம் என்பாராம். உடனே உறையில் போட்டு எழுதிவிடுவார். "பேச்சு அந்த ஒரு சொல்லு மட்டும்தான் வருது. ஆனா எல்லாம் விளங்கும். கண்ணைப் பாத்தாத் தெரியும்" என்றார். நான் தலையாட்டினேன். வியாபாரத்தில் இருக்கிறவனுக்குத் தலையாட்டுவது பெரிய வேலையில்லை.

கிழமைக்கு ஒரு தடவை வருவார். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, அந்த வெயிலில் நடந்து வருவார். கைப்பைக்குள் இரண்டு உறை, மூன்று உறை. அரைவாசி பிழையான சாமான். அடியில் நைலோன் குழாய் வைத்த பிந்திய காபரேட்டரின் கிண்ணத்தை, குழாயே இல்லாத முந்திய காபரேட்டருக்கு என்று கொண்டுவந்தார். ஒருமுறை ஏதோ லொறியின் வால்வு ஸ்பிரிங். நான் இல்லை என்பேன், அவர் ஓம் எண்டவர் என்பார். கிராண்ட்பாஸிலிருந்து அவர்களுடைய வீட்டுக்குப் போய் வேலை செய்துகொண்டிருந்த பாஸ், ஒருநாள் கடைக்கு வந்து என்னிடம் கையை விரித்தார். "மல்லி, மேக ஹரியன்னே நே." தம்பி, இது சரிவராது என்று சிங்களத்தில் சொல்கிறார். பூட்டச் சொல்வதைப் பூட்டாவிட்டால் நோனாவின், அதாவது மிஸ்ஸின், முகம் வாடுகிறது, பூட்டினால் பெற்றோல் வழிகிறது என்று முறையிட்டார்.

எனக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். "ஏன் மிஸ் இவ்வளவு கஷ்டப்படுறீங்க? பாஸ்கிட்ட விட்டா பொருத்தமானதைப் பார்த்துப் போட்டு ஓட வெச்சிருவார்தானே." மிஸ் கவுண்டரில் இருந்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மகன் மார்கழியில வாறான் தம்பி. அப்பாக்கு ஒண்டும் விளங்கேல்லை, உங்களாலயும் பாக்கேலாது, ஹெந்தளையில வயசுபோன ஆக்களைப் பாக்கிற நல்ல இடம் ஒண்டு இருக்கு, அங்க விடுவம் எண்டு ஃபோனில ஒரே சொல்லுறான். நான் சொல்லியிருக்கிறன், அப்பாதான் கட்டிலில இருந்தபடி கார் வேலையை நடத்துறார், வந்து பார் எண்டு. அவர் சொன்ன சாமானாலதான் அது ஓடவேணும். வேற ஆள் ஓடவைச்சா எனக்கென்னத்துக்கு?"

அன்றைக்குத்தான் எனக்குச் சங்கதி விளங்கியது. கார் ஓடுவதல்ல, கட்டிலில் கிடக்கிற மனிதர் இன்னும் அந்த வீட்டுக்காரர்தான் என்று காட்டுவதுதான் மிஸ்ஸுக்கு வேண்டியிருந்தது. நான் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எதை இல்லை என்று சொன்னேன் என்பதும் விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. எனக்கு மண்டையில் ஏறியது வேறொன்று. பிழை மிஸ்ஸுடையது, அவர் கலந்துபோன சாமானைக் காட்டுகிறார், விஷயம் தெரிந்த ஒருவன் நேரே போய்ச் சேரிடம் கேட்டால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று முடிவுகட்டினேன். என்னை நானே விஷயம் தெரிந்தவன் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு எப்போதும் குறைவிருந்ததில்லை.

கவுண்டரில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் ஒருவர் வந்து இன்ன காருக்கு இன்ன சாமான் என்று கேட்டால், முதலில் வேண்டுமென்றே பிழையான சாமானை எடுத்து வைப்போம். "இதுதானே?" என்று கேட்போம். "ஆ, இதுதான்" என்றால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, அவருடைய பேச்சை நம்பிச் சாமான் கொடுத்தால் நாளைக்குத் திரும்பி வரும். "இல்லையே" என்றால் வேலை தெரிந்தவர். இருபத்தாறு வருடப் பழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் காலைப் பூசை முடிந்த கையோடு, கடையிலிருந்து எடுத்துவைத்திருந்த மூன்று ஊசிகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், உயரமான மாடிக் கட்டடங்கள் இரண்டுக்கு நடுவே மிஞ்சியிருந்த பழைய வீடு. மிஸ்ஸுக்கு என்னைக் கண்டதில் அப்படியொரு சந்தோஷம். "தம்பி வந்திருக்கிறார், கடையில இருக்கிறவர். நான் சொன்னனான்தானே" என்று சேருக்கு அறிமுகம் செய்து வைத்தார். சேர் தலையணையில் சாய்ந்திருந்தார். சவரம் செய்து, தலை சீவி, வெள்ளை பெனியன் போட்டு, சபைக்குப் போக ஆயத்தமான ஆளைப்போல இருந்தார். என்னைப் பார்த்து ஓம் என்றார். மிஸ் தேநீர் ஊற்ற உள்ளே போனார்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் ஊசியைக் காட்டினேன். "சேர், இதா உங்கட மைனர்ல இருந்தது?" அவர் உற்றுப் பார்த்தார். மிஸ் சொன்னது பொய்யில்லை, கண்ணில் உயிர் இருந்தது. "ஓம்." இரண்டாவதைக் காட்டினேன். "அப்ப இது?" "ஓம்." மூன்றாவது மைனருக்கு ஒருபோதும் பொருந்தாதது. அதற்கும் ஓம். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். எழுந்து தேநீரைக் குடித்துவிட்டு, எல்லாம் சரி மிஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கை தானாகப் போய்விட்டது. கட்டிலருகே மேசையில் மருந்துப் போத்தலோடு இருந்த தேக்கரண்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "சேர், இதுதானே காபரேட்டர் ஊசி?"

"ஓம்" என்றார். அதே குரல், அதே பொறுமை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தமாதிரியும் இருந்தது, விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

திரும்பினால் வாசலில் மிஸ் தேநீரோடு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, கரண்டியைக் கண்டுவிட்டார். கோப்பையை மேசையில் வைத்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே வைத்தார். "தேத்தண்ணி ஆறப்போகுது தம்பி, குடியுங்கோ" என்றார். நான் குடித்தேன். மூன்று ஊசிகளையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. மூன்றாம் கிழமை நானே பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். பரிகாரம் செய்ய வேண்டுமென்ற எண்ணம். மிஸ் டின்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு சனிக்கிழமை இருந்து எல்லாவற்றையும் பிரித்தேன். மைனரின் சொந்தக் காபரேட்டர், அதன் கிண்ணம், பிஸ்டன், சரியான எழுத்துக் கொத்திய ஊசி, எல்லாம் அந்த டின்களுக்குள்ளேயே கிடந்தன. மூடி ஸ்குரூவில் அலுமினியத் தகடுகூட இருந்தது. சேர் அதை எறியவில்லை. பாஸ் பூட்டி முடித்து இரண்டாவது தடவை திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, புகை இல்லை, ஒரே சீரான சத்தம். இப்படிச் சரியாக வந்த வேலை என் அனுபவத்தில் குறைவு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு இருவரும் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிஸ் வெளியே வரவில்லை. சேரின் அறை யன்னல் திறந்துதான் இருந்தது, அங்கிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. பாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

மார்கழியில் மகன் வந்தான். காரை யாரோ விலைக்குக் கேட்டு வந்து கொண்டுபோனார்கள். சேரை ஹெந்தளையில் கொண்டுபோய் விட்டார்கள். இதெல்லாம் பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் கவுண்டரில் எவருக்கும் பிழையான சாமானை முதலில் எடுத்து வைப்பதில்லை. முதலாளி காரணம் கேட்டார், வயதாகிவிட்டது என்றேன். வீட்டில் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்களுக்கு எங்க போனாலும் கடைதான்" என்றாள். அவள் வழக்கமாக என்னைக் கேலி செய்கிற பேச்சுத்தான் அது. அன்றைக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் அவள் வற்புறுத்தியதால் ஹெந்தளைக்குப் போனேன். கடற்காற்று வரும் நீண்ட மண்டபம், வரிசையாகக் கட்டில்கள். சேர் மெலிந்திருந்தார், சவரம் செய்து இரண்டு மூன்று நாள் இருக்கும். மிஸ் பக்கத்தில் கதிரையில் இருந்தார். கிழமையில் மூன்று நாள் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாராம். என்னைக் கண்டு எழுந்து, தன்னுடைய கதிரையைத் தந்தார். நான் அதில் இருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன். "மிஸ், அன்டைக்கு நான் செய்தது பிழை."

"நீங்கள் பிழையொண்டும் செய்யேல்லைத் தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கும் தெரியும். ரெண்டு வருசமா அவரிட்ட இல்லை எண்டு பதில் வரவேண்டிய கேள்வி ஒண்டையும் நான் கேக்கேல்லை. கவனமாத்தான் கேக்காம இருந்தனான். சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பன், சாப்பிட்டபிறகு. நான் ஆரெண்டு தெரியுதோ எண்டு கேப்பன். ஓம் எண்டுவார். நல்லாக் கதைச்சுக்கொண்டிருந்தம்."

பிறகு சேரின் போர்வையை இழுத்துவிட்டார். "இப்ப கேக்கிறேல்லை. வந்து இருந்திட்டுப் போறன்."

நான் கட்டிலின் ஓரத்தில் இருந்தேன். சேர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது தன்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மிஸ்ஸும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.