புத்தூர்க் கட்டும் ஒரு வருஷப் படிப்பும்

என் அக்காள் அம்சாவின் கணவர் ஆதிகேசவன் நாற்பத்தைந்து வயது வரை பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் படித்தவரில்லை. திருத்தணிக்குக் கிழக்கே கொஞ்சம் நஞ்சை, வேர்க்கடலை போடுகிற கொல்லை, ஒரு ஜோடி மாடு, ஒரே மகள் கௌரி. அவ்வளவோடு இருந்திருந்தால் இதை எழுத எனக்கும் வேலையில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் கடலை மூட்டை ஏற்றிய வண்டி குடை சாய்ந்து அவர் தொடை எலும்பு முறிந்தது. எல்லாம் அங்கே ஆரம்பித்த வினை.

அன்றைக்கு அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூருக்கு ஓடியவன் ராஜமாணிக்கம். மாமாவின் தங்கை பங்காருவின் மகன். பங்காருவைக் கொடுத்தது நகரியில். ராஜமாணிக்கத்துக்கு அரக்கோணம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா உத்தியோகம். கௌரிக்கு அவன்தான் என்பது அவளைத் தொட்டிலில் போட்ட நாளிலேயே முடிவான பேச்சு. புத்தூரில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அசையாமல் கிடக்கச் சொல்லி அனுப்பினார்கள். கோபக்கார மனுஷன் சும்மா கிடப்பாரா? அக்காளைப் பிடுங்கித் தின்றார். அது பொறுக்காமல் ராஜமாணிக்கம்தான் சனிக்கிழமை தோறும் அரக்கோணம் வாசகசாலையில் தன் பேரில் புத்தகம் எடுத்து, துண்டில் கட்டிக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான், பாவம்.

முதலில் இத்தாலியை ஒன்று சேர்த்த தலைவரின் வாழ்க்கை. பிறகு அயர்லாந்துக்காரர், துருக்கிக்காரர். கட்டை அவிழ்த்து, கோலூன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் படிப்பு நிற்கவில்லை. தொண்டை மண்டலத்துக் கோட்டங்கள், பல்லவர் கல்வெட்டு, கார்வேட் நகர் ஜமீன் என்று உள்ளூர் வரலாற்றில் இறங்கிவிட்டார். கொட்டகையில் மாடு கன்று போட்டது தெரியாது. எந்த ராஜா எந்த ஏரியை வெட்டினான் என்பது தெரியும். நாக்குக்கும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டிருக்க வேண்டும் என்று அக்காளிடம் சொன்னேன். அக்காள் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்தச் சமயம் பார்த்து, தனி ஆந்திரா வந்தால் திருத்தணி யாருக்கு என்ற பேச்சு கிளம்பியது. நாங்கள் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தோம். பங்காருவின் நகரி ஆந்திராவுக்குத்தான் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊர் தமிழ் ஊர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மாமா படித்ததில் ஒன்றும் பொய்யில்லை. கல்வெட்டைச் சொல்லிப் பேசத் தெரிந்தவர் என்று கனகம்மாசத்திரத்துக் கூட்டத்தில் அவரை மேடையேற்றினார்கள். கை தட்டினார்கள். இறங்கி வரும்போது எவனோ ஒருவன், ஐயா பெண்ணை மட்டும் ஆந்திராவுக்குக் கொடுக்கிறாராமே என்று கேட்டுச் சிரித்தான். மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்து, நாட்டுக்காகச் சொந்த பந்தத்தை உதறிய தலைவர்களை ஒவ்வொருவராக எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். நீங்கள் எந்த நாட்டை ஆளப் போகிறீர்கள் என்று கேட்டேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

சித்திரையில் பங்காரு வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் வைத்துத் தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனும் தங்கையும் பிறந்ததிலிருந்து தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களைப் பெற்றவள் அந்தப் பக்கத்துக்காரி. அப்பனைக் கடைசி வரை நைனா என்றே கூப்பிட்ட வீடு அது. அன்று அவள் தெலுங்கில் கேட்டதற்கெல்லாம் மாமா தமிழில், அதுவும் மேடைத் தமிழில், பதில் சொன்னார். எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதற்கில்லை என்றார். கௌரி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பங்காரு தட்டைக் கீழே வைக்கவேயில்லை. கடைசியில் அவளும் தமிழுக்கு மாறினாள்.

“என்னாண்ணா, என்னாண்ட பேசறதுக்குக்கூட பொஸ்தகத்தைக் கேட்டுகினுதான் பேசுவியா?”

தட்டோடு திரும்பிப் போனாள். அடுத்த சனிக்கிழமை ராஜமாணிக்கம் வந்தான். வாசலிலேயே நின்று, வாசகசாலைப் புத்தகங்களை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். அவன் பேரில் எடுத்தவை அல்லவா?

கௌரியை ஆர்.கே.பேட்டையில் கொடுத்தோம். மாப்பிள்ளை நல்லவன், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அவள் வந்தால் அடுப்பங்கரையில் அக்காளோடு இருப்பாள். அப்பனிடம் சாப்பிட வாங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். மேடைக்குக் கூப்பிட்டவர்கள் ஒரு வக்கீலைப் பிடித்துக்கொண்டு மாமாவை மறந்தார்கள். புத்தகத்தைத் தொடுவதை அவரே விட்டுவிட்டார். தங்கையைப் போய்ப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது, வீம்பு விடவில்லை.

நாற்பத்தொன்பதில் பங்காரு செத்துப்போனாள். நகரியிலிருந்து ஆள் வந்து சொன்னான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடிப் புடவை மேலே விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அந்தக் கோடியை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உறவு அதோடு அறுந்தது. மாமாவுக்கு அந்தப் பயம். அவங்க வாங்க மாட்டாங்க, வாங்க மாட்டாங்க என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அக்காள்தான் சீறினாள்.

“வாங்காட்டி மூஞ்சியில வீசட்டும், அதையும் வாங்கிக்குங்க. எழுந்திருங்க.”

கடைத்தெருவில் மஞ்சள் புடவை எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். நகரியில் எங்களைக் கண்டதும் வாசலில் இருந்த கூட்டம் விலகி வழி விட்டது. பாடை கட்டித் தயாராக இருந்தது. பங்காரு இன்னும் கூடத்திலேயே கிடந்தாள். ராஜமாணிக்கம் எழுந்து வந்தான். மாமா புடவையை நீட்டினார்.

“நீங்களே போடுங்க மாமா. அண்ணன் கோடி வராம என்னை எடுக்காதீங்கன்னு அம்மா சொல்லிட்டுதான் போச்சு. காலையிலேருந்து காத்துகினு கீறோம்.”

மாமா புடவையைப் போர்த்தினார். பிறகு தங்கையின் முகத்தருகே குனிந்து, “பங்காரு, நேனு வச்சினானம்மா” என்றார். நான் வந்துவிட்டேன் என்று தெலுங்கில் சொன்னார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை வந்து சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷன்!

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எல்லாம் முடிந்து, பேசாமல் வெளியே வந்தோம். மாமா கோலை ஊன்றித் தெருவில் இறங்கினார். ராஜமாணிக்கம் வாசலில் நின்று அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிட்டே வந்து மெதுவாகக் கேட்டான்.

“காலு இன்னும் வலிக்குதா மாமா?”

மாமா நடுத்தெருவில் நின்று, தொடையைக் கையால் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதார்.