நாத்தனார் எறியாத கல்

சித்திரை வருடப் பிறப்பு ஓட்டப் போட்டியில் நான்தான் முன்னால் ஓடினேன். முடிவுக் கோட்டுக்குப் பத்தடிதான். படீரென்று குதிகாலுக்கு மேலே யாரோ கல்லால் அடித்தது போலிருந்தது. விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் என் நாத்தனார்.

"கல்ல எறிஞ்சிட்டியேடி, சண்டாளி!"

"கல்லு எங்க மதினி? காட்டுங்க பாப்போம்!"

கல் இல்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவளும் அவள்தான்.

யாழ்ப்பாணத்து டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச் சதையை அழுத்தினார். பாதம் அசையவில்லை. சதையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் அறுந்துவிட்டதாம். அது அறுந்தால் கல்லடி பட்டது போலத்தான் இருக்குமாம்.

"தைச்சாலும் ஒட்டும், தைக்காட்டியும் ஒட்டும் அம்மா. தைக்காட்டி திரும்ப அறுபடுற பயம் கொஞ்சம் கூடுதல். ஆனா உங்களுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய் இருக்கு. வெட்டின புண் ஆறாட்டி பெரிய கரைச்சல். நீங்கள்தான் சொல்லவேணும்."

"மலையில நிக்க முடியுமா? அதச் சொல்லுங்க."

செங்குத்து மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள் நான். நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் என் வேலை போச்சு.

"சொன்னபடி இருந்தா நிக்கலாம்."

தைக்க வேண்டாம், கட்டே போடச் சொன்னேன். விரல்கள் நிலத்தைப் பார்க்கும்படி பாதத்தைச் சாய்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்போதுதான் அறுந்த முனைகள் கிட்ட வருமாம்.

நாங்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில் ஒரே கூச்சல். கோணல் கட்டு, கோணல் கட்டு என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் என் வீட்டுக்காரர் கத்தியோடு வந்துவிட்டார்.

"தோலுல படாம அறுத்துருவேன். கால நிமித்தி நாமளே கட்டிக்கலாம்."

எனக்கும் புத்தி கெட்டது. காலை நீட்டினேன். நாத்தனார் பாய்ந்து வந்து கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இது என்ன தேயிலச் செடியா, வெட்டினா துளிர்க்கிறதுக்கு? நிமித்தினா முனை ரெண்டும் பிரிஞ்சிரும். டாக்டரு சொன்னத நானும் கேட்டேன். வெட்டணும்னா என் கைய வெட்டு!"

சனம் சிரித்தது. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

பிறகு கிளினிக்கில் வாரக்கணக்கில் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். கட்டைக் கழற்றியபோது கெண்டைக்கால் குச்சியாய் இருந்தது. தினமும் லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கப் பார்ப்பேன். அசையாது. சுவரைத் திட்டுவேன், டாக்டரைத் திட்டுவேன்.

ஒரு காலையில் ஒற்றைக்காலில் நின்று முக்கினேன்.

"எழும்புது மதினி! விடாதீங்க, தூக்குங்க!"

ஒரு விரல் உயரம் குதிகால் தரையை விட்டு எழும்பியது. இறக்கினேன். மறுபடி தூக்கினேன். எழும்பியது! வெறி பிடித்தவள் போல் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்கூட ஓடி வந்தது.

"கல்லு எறிஞ்சவளுக்கு என்ன தரப் போறீங்க?" என்றாள்.

"நீ எறியலடி. நாந்தான் அநியாயமாச் சொல்லிட்டேன். கூடையத் தூசி தட்டி வை, நாளைக்கு மலைக்குப் போகலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வருவோம்."