தொலைந்துவிட்டதாகச் சொன்ன அட்டை

இரண்டாயிரத்துப் பதினைந்து, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எட்டு வயது ஹினாகோ அப்பாவோடு ஒசாகாவின் ஜூசோ ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினாள். முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறைக்கு அப்பாவின் ஊரில் ஐந்து நாள். அம்மா சிகுசாவுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை.

வழியனுப்ப வந்தவள் மகளின் பயண அட்டையில் ஆயிரம் யென் ஏற்றி, பையின் ஓரத்தில் கயிறு போட்டு மாட்டிவிட்டாள்.

"இது தொலைஞ்சு போச்சுன்னா?"

"உன் பேரும் என் போன் நம்பரும் அதுல பதிஞ்சிருக்கு. எனக்குத்தான் சொல்லுவாங்க. தொலைக்காதே, வாயாடி."

குழந்தைக் கட்டண அட்டை என்பதால் அதை வைத்ததும் நிலையத்து வாயில் கதவு கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது. ஹினாகோ திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்பா திரும்பவில்லை.

ஐந்து நாள் கழிந்தது. இருவரும் வரவில்லை. வந்தது வக்கீலின் கடிதம். குடும்ப நீதிமன்றத்தில் கணவர் தன் விலாசத்தை மனைவிக்குத் தெரிவிக்கக்கூடாது என்று கேட்டார், கேட்டது கிடைத்தது. பிள்ளை அங்கே பழகிவிட்டாள் என்று சமரசம் பேசிய பெண்மணி தேநீர் குடித்தபடி சொன்னாள். மகள் அப்பாவின் பொறுப்புக்கே போனாள். வழக்குப் போட்டது ஒசாகாவிலேயே என்பதால் அவர் இந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறார் என்பது மட்டும் சிகுசாவுக்குத் தெரியும்.

கடையில் உருளைக்கிழங்கு கொரோக்கே பொரிக்கும் ஒகிதாதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"அட்டை உன் பொறுப்புல வாங்கினதுதானே? தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. புதுசு தருவாங்க. மெஷின்ல விட்டா எங்க ஏறினா, எங்க இறங்கினான்னு வரிசையா அச்சடிச்சுக் குடுக்கும். என் வீட்டுக்காரர் லட்சணம் அப்படித்தானே வெளிய வந்துச்சு."

"பழசை நிறுத்திடுவாங்களே ஒகிதா சான். பிள்ளை கதவுல மாட்டிக்குவா."

"ஒரு நாள் மாட்டிக்கட்டுமே. நீ மூணு வருஷமா மாட்டிக்கிட்டு நிக்கற."

"பிள்ளை பெத்தவங்க பேசற பேச்சா இது?"

"பெத்ததாலதான் பேசறேன். எண்ணெய் கருகுது, அதைப் பாரு."

சிகுசா பல மாதம் தள்ளிப்போட்டாள். ஆனால் குழந்தை அட்டைக்கு ஆயுள் கொஞ்சம். ஆறாம் வகுப்பு முடிகிற மார்ச் மாதக் கடைசி நாளோடு அது தானாகச் செத்துவிடும். அதற்குப் பிறகு மகளைத் தேட அவள் கையில் எதுவும் இருக்காது. மூன்று வாரம் பாக்கி இருக்கும்போது, மகள் பிறந்தபோது தந்த தாய் சேய் கையேட்டை எடுத்துக்கொண்டு ஜூசோ நிலையத்து ஜன்னலில் போய் நின்றாள்.

"பாப்பா கூட வரலையாங்க?" என்றான் இளைஞனான ஊழியன்.

"ஸ்கூல்ல இருக்கா."

அது பொய் இல்லை. ஏதோ ஒரு பள்ளியில் இருப்பாள்.

"நிறுத்திட்டா பழசைத் திரும்பத் திறக்க முடியாதுங்க. நல்லாத் தேடிப் பாத்துட்டீங்களா?"

"எல்லா இடத்துலயும் தேடிட்டேன்."

மறுநாள் புது அட்டை கிடைத்தது. நேராக இயந்திரத்துக்குப் போய் அதைச் செருகினாள். வெளியே வந்த சீட்டில் ஒரு நிலையத்தின் பெயர்கூட இல்லை. மீதித்தொகை மட்டும் இருந்தது, இரண்டாயிரத்து அறுபது யென். அவள் ஏற்றியதைவிட அதிகம். ஹினாகோ இந்த அட்டையில்தான் போய்வந்திருக்கிறாள். நேற்றுவரை.

ஜன்னலுக்கு ஓடினாள்.

"பழைய அட்டையோட பயணமெல்லாம் புதுசுல வராதுங்க. மீதிப் பணம் மட்டும்தான் மாறும்."

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே?"

"அதைக் காட்ட எனக்கு அனுமதி இல்லீங்க."

"நான் அவ அம்மா."

"அதனாலதாங்க அட்டையே குடுத்தோம்."

"அப்ப இதை நீங்களே வெச்சுக்கங்க. பழசைத் திறந்து விட்டுடுங்க. அவ இப்ப எந்த ஸ்டேஷன்ல நிக்கறாளோ."

இளைஞன் அவள் முகத்தையும் கையேட்டையும் மாறிமாறிப் பார்த்தான். பின்னால் நின்றவர் இருமினார். "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்மா, எனக்கு பஸ் போயிடும்."

சிகுசா நகர்ந்து நின்றாள். பள்ளி விடும் நேரம் வரை அங்கேயே நின்றாள். பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். மறுநாள் ஒகிதா அவள் முகத்தைப் பார்த்தாள். அன்றைய வெங்காயத்தை எல்லாம் தானே உரித்தாள்.

ஆறரை வருடம் போனது. சிகுசா அதே கடையில், அதே அடுப்படியில் இருந்தாள். ஒரு நவம்பர் பிற்பகல், தெரியாத எண்ணிலிருந்து போனில் செய்தி வந்தது.

"நான் ஹினாகோ. அப்பா போன்ல இந்த நம்பர் இருந்துச்சு. உங்களுக்கு உடம்பு சரியில்ல, குணமானதும் வருவீங்கன்னு அப்பா சொல்லிட்டு இருந்தார். அப்ப நாங்க சகாய்ல இருந்தோம், உங்க வீட்லேர்ந்து அரை மணி நேரம். ஆறாவது படிக்கறப்ப ஒரு நாள் காலைல ஸ்டேஷன்ல கதவு மூடிக்கிச்சு. உங்க அம்மா நிறுத்திட்டாங்கன்னு அங்க இருந்தவர் சொன்னார். அட்டையை நிறுத்த ஸ்டேஷன் வரைக்கும் வர முடிஞ்சவங்களால என்னைப் பாக்க வர முடியலேன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் உங்களைப் பத்தி நான் கேக்கல. இதைச் சொல்லத்தான் எழுதினேன். பதில் வேண்டாம்."