ஆரோக்கியம் அக்காவும் நான் ஸ்கிப் போட்ட டெஸ்ட்டும்

ஆரோக்கியம் அக்கா இறந்துட்டாங்க.

காலையில எங்க கிளாஸ் குரூப்ல ஜெயந்தி போட்டிருந்தா. நேத்து மதியம் மாரமங்கலத்துல வீட்டுல இருந்தப்போ நெஞ்சு வலி... சேலம் கொண்டு போற வழியிலேயே.

எங்க ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் அவங்களைத் தெரியும். கேட்டுக்கு எதிர்ல தள்ளுவண்டி, வேகவெச்ச மக்காச்சோளம், பேரிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும். பேர் தெரியாதவங்க "சோளக்கா"ன்னு கூப்பிடுவாங்க.

எனக்கு இன்னொண்ணும் உண்டு. நான் செஞ்ச பஸ் டைம் ஆப்பை தினமும் பயன்படுத்தின முதல் ஆள் அவங்கதான்.

போன வருஷம் நான் பிளஸ் ஒன். மலைக் கிராமங்களுக்குப் போற பஸ், ஷேர் ஜீப் நேரத்தையெல்லாம் ஸ்டாண்டுல கேட்டு நோட்டுல எழுதி அந்த ஆப்பைச் செஞ்சேன். முதல் ஸ்கிரீன்ல ஊர்ப் பட்டியலும் ஜீப் பட்டனும். ஊரைத் தொட்டா பஸ் நேரம்.

பஸ் கிளம்பறதுக்கு கொஞ்சம் முன்னாடி போனுக்கு ஒரு மெசேஜும் வரும். அதைத் தொட்டா நேரா பஸ் நேரம் திறக்கும். அதுல எனக்கு ஏகப் பெருமை.

லைப்ரரி புத்தகத்தைப் பாத்து ஆட்டோமேட்டட் டெஸ்ட்டும் எழுதினேன். நாம விரலால தொட்டுப் பாக்கறதை கம்ப்யூட்டரே செஞ்சு பாக்கும். ஊரைத் தொடு, பஸ் நேரம் வருதா? பின்னால போ, ஊர்ப் பட்டியல் வருதா? வந்தா பச்சை, வரலைன்னா சிவப்பு.

எல்லாமே பச்சை.

ஒரு நாள் சாயங்காலம் அக்கா வண்டியில இருந்தே கூப்பிட்டாங்க. "கண்ணு, இங்க வா. உன்ற ஆப்புல பனி எறங்கிருச்சு பாரு."

போனை நீட்டினாங்க. ஸ்கிரீன் முழுக்க வெள்ளை.

"என்னத்தங்க்கா அமுக்குனீங்க?"

"பஸ்சு போயிருச்சு. ஜீப்பு எப்பன்னு பாக்கலாம்னு பின்னால போனேன். ஒண்ணுத்தையும் காணோம்."

"இருக்காதுங்க்கா. டெஸ்ட் பண்ணிட்டேன், எல்லாம் பச்சை."

"பச்சையோ மஞ்சளோ... என்ற போன்ல வெள்ளைதான் சாமி."

வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் புரிஞ்சது. என் டெஸ்ட் எல்லாம் முதல் ஸ்கிரீன்ல இருந்து கிளம்பும். அக்கா ஒரு நாளும் அப்படித் திறந்ததே இல்ல. மெசேஜைத் தொட்டு நேரா பஸ் நேரத்துக்குப் போயிடுவாங்க. அப்படிப் போனா பின்னால திரும்பி வர ஒரு ஸ்கிரீனே இல்ல.

அவங்க போற வழியிலேயே போற மாதிரி புதுசா ஒரு டெஸ்ட் எழுதினேன். சிவப்பு.

எப்படிச் சரி பண்றதுன்னு தெரியல. ஸ்கூல் சயின்ஸ் எக்சிபிஷனுக்கு ரெண்டே நாள், இந்த ஆப்தான் நான் வைக்கப் போறது. அந்த டெஸ்ட் மேல மட்டும் "ஸ்கிப்"னு போட்டேன். கம்ப்யூட்டர் அதைத் தொடாம தாண்டிப் போயிடும். மத்ததெல்லாம் பச்சையா வந்த ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து சார்ட்டுல ஒட்டினேன்.

அக்காகிட்ட மட்டும் சொன்னேன். "இப்போதைக்கு மெசேஜைத் தொடாதீங்க்கா, ஆப் படத்தைத் தொட்டுத் திறங்க."

"அது எங்க கெடக்குன்னு யாரு கண்ணு தேடறது? நொம்பக் கஷ்டம்."

எக்சிபிஷன் அன்னைக்கு சேலத்துல இருந்து ஒரு சார் ஜட்ஜா வந்திருந்தார். "எல்லா டெஸ்ட்டும் பாஸாம்மா?"

"ஆமாங்க சார்"னு சொன்னேன்.

"ஊர்க்காரங்க யாராவது இதை யூஸ் பண்றாங்களா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஜெயந்தி ஓடிப் போய் அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டா.

முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டே வந்தாங்க. மத்த விரல்ல மிளகாய்த்தூள் இருக்கும்னு அவங்க எப்பவும் சுண்டுவிரலாலதான் போனைத் தொடுவாங்க. போனைத் திறந்ததும் மேலேயே நாலு மணி பஸ் மெசேஜ்.

அக்கா அதைப் பாத்தாங்க. சுண்டுவிரலால ஓரமா தள்ளி விட்டாங்க.

அப்புறம் அத்தனை படங்களுக்கு நடுவுல என் ஆப்பைத் தேடினாங்க. ரொம்ப நேரம். சார் கடிகாரத்தைப் பாத்தார். கண்டுபிடிச்சு, திறந்து, மாரமங்கலத்தைத் தொட்டு, பின்னால வந்து, ஜீப் நேரத்தையும் காட்டிட்டாங்க.

"நல்லா வேலை செய்யுதுங்க சார். புள்ள நொம்பக் கெட்டி."

முதல் பரிசு. ஷீல்டு.

சாயங்காலம் வண்டிகிட்ட போனேன். "ஏங்கண்ணு, செயிச்சுப் போட்டு மூஞ்சிய இப்புடி வெச்சிருக்கற?"

"தேங்க்ஸ்ங்க்கா."

"தேங்க்ஸ் கெடக்குது. அதைய எப்பச் சரி பண்ணுவ?"

"பரீட்சை முடிஞ்சதும்."

பரீட்சை முடிஞ்சது. லீவு விட்டாங்க. பிளஸ் டூ ஆரம்பிச்சது, டியூஷன், ரெக்கார்டு நோட்டு... பார்க்கறப்பல்லாம் "ஆச்சா கண்ணு?"ன்னு கேப்பாங்க. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டாங்க.

பஸ்ஸை விட்ட நாள்ல, ஸ்டாண்டுல யார்கிட்டயாவது போய் "ஏனுங்க, ஜீப்பு எப்பங்க?"ன்னு கேட்டுக்கிட்டு நிப்பாங்க. கையில போன் இருக்கும். ரெண்டு தடவை நானே பாத்தேன். கிட்ட போகாம வந்துட்டேன்.

இன்னைக்கு அந்த "ஸ்கிப்"பை எடுத்தேன். ஓட்டினேன், சிவப்பு. உக்காந்து சரி பண்ணி மறுபடி ஓட்டினேன். மெசேஜ், பஸ் நேரம், பின்னால, ஊர்ப் பட்டியல். பச்சை.

கம்ப்யூட்டர் டீச்சருக்கு போன் பண்ணி, எக்சிபிஷன் சார்ட்டுல ஒட்டின அந்த ரிப்போர்ட் பத்தியும் சொல்லிட்டேன். "திங்கக்கிழமை ஷீல்டை எடுத்துட்டு வாம்மா"ன்னாங்க.

நாளைக்குப் பத்து மணிக்கு மாரமங்கலத்துல அடக்கம். நம்ம ஸ்கூல் ஆளுங்க முடிஞ்சவங்க வாங்க.

அக்கா... அதைச் சரி பண்ண நாப்பது நிமிஷம்தாங்க்கா ஆச்சு.

காலையில முதல் பஸ்ல வர்றேன்.