வலது கால் பழக்கமும் பாயின் புது வண்டியும்

ஜபார் பாய் புது வண்டியை என் பட்டறை முன் நிறுத்தியபோது, இன்ஜின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடமாகக் காதை வைத்தே பழுது கண்டுபிடிப்பவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

"இன்னா பாய், சோபாவுக்கு சக்கரம் வெச்சு எடுத்துட்டு வந்துட்டீங்க?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

பாய் சிரிக்கவில்லை. செஞ்சி கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய பழைய புல்லட்டை இத்தனை வருடமும் நான்தான் பார்த்தேன். இப்போது கை நரம்பில் கோளாறு. கொஞ்ச தூரம் ஓட்டினாலே கை மரத்துப்போகும், உதறி உதறி ஓட்டுவார். அதிர்கிற வண்டியையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக வாங்கியதுதான் நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த இந்த டூரிங் வண்டி. காற்றை மறைக்கும் கண்ணாடி, பாட்டு, சூடாகும் சீட்டு, எல்லாம் உண்டு.

"சேகரு, ஓட்டற மாதிரியே இல்லடா. டிவி பாக்கற மாதிரி இருக்குது. நாளைக்குள்ள குடுத்தா ஷோரூம்காரன் திருப்பி எடுத்துக்கறேன்றான். குடுத்துட்டா அப்புறம் காருதான். பைக்குக்கே முழுக்கு. நீ ஓட்டிப் பாத்து சொல்லு."

ஐயோ, எதைப் போய்க் கேலி செய்தோம் என்றிருந்தது.

அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூர் பக்கம் விட்டேன். பாட்டை அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன். எண்பதில் போனாலும் நாற்பதில் போவது போலத்தான் இருந்தது. உப்புச்சப்பில்லை, பாய் சொன்னது சரிதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு வளைவு திரும்பினால், பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். கியரைக் குறைக்க வலது காலால் மிதித்தேன். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். என் சொந்த வண்டியும் அதேதான். இதில் நேர் எதிர். பதற்றத்தில் கால் பழைய வழக்கத்துக்குப் போய், கியர் என்று பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. பழைய வண்டியில் பிரேக்கை அப்படி மிதித்திருந்தால் இருவரும் நெல்லில் புரண்டிருப்போம். இது இம்மிகூட விலகாமல், நெல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா கத்தினார்: "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"

வண்டியை ஓரம் கட்டினேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"முப்பது வருஷ மெக்கானிக்கு! காலை மாத்தி வெச்சிட்டியேடா! எறங்கு, நான் ஓட்டறேன்."

உயிர் பயத்தைப் பார்த்த பிறகு அந்த வண்டியை யார் டிவி என்பார்கள்? வளைவுக்கு வளைவு பாய் சாய்ந்து சாய்ந்து திருப்பினார். ஓட்டிப் பார்க்காத வண்டியைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

செஞ்சிக்குள் வந்தோம். என் பட்டறை தாண்டிப் போனது.

"பாய், பட்டறை போயிடுச்சு!"

"தெரியுது. கம்முனு உக்காரு."

கோட்டை மலை எதிரே வந்தது. அதுவரை ஒரு தடவைகூட அவர் கையை உதறவில்லை.