செல்லாயிக்குப் பிடித்த குழம்பு

செல்லாயிக்குப் பழைய குழம்புதான் பிடிக்கும் என்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஊரறிந்த சங்கதி. எழுபதுகளில் அந்த லயத்து வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றால் சோறு, ஒரு குழம்பு, கங்குங் கீரை. அவ்வளவுதான். கெம்போங் மீன் வாங்கினால் கணவன் சின்னையாவுக்குத் தலை, மகன் பத்துமலைக்கு நடுத்துண்டு, மகள் பாப்பாவுக்கு வால். செல்லாயி நேற்றைய குழம்பில் மிஞ்சிய கீரையையும் போட்டுச் சுண்டவைத்துக்கொள்வாள்.

“நீ மீன் சாப்பிடலியாம்மா?” என்று பத்துமலை கேட்டால், “எனக்குப் பழசுதான்யா ருசி. புதுசு ஒத்துக்காது” என்பாள். அவனும் நம்பித் தொலைத்தான்.

பாப்பா மட்டும் ஒருநாள் பார்த்துவிட்டாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, காலியான மீன் சட்டியில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தாள் அம்மா. ஒத்துக்காத வாய்க்கு அப்படியா ருசிக்கும்? மகளைக் கண்டதும் சட்டியைக் கழுவ எடுத்துப் போய்விட்டாள்.

சின்னையா செத்துப்போன பிறகு, எண்பதாம் வருஷம், பத்துமலை அம்மாவை ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். ஈப்போ டவுனில் அவனுக்கு நல்ல வேலை. மீனுக்கும் கோழிக்கும் பஞ்சமில்லை. இனியாவது அம்மா சுடச்சுடச் சாப்பிடுவாள் என்று பாப்பா நினைத்தாள். எங்கே! மருமகள் மாரியம்மா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாமியாருக்குப் பிடிக்குமே என்று தினமும் ஒரு கிண்ணம் குழம்பை ஐஸ்பெட்டியில் எடுத்துவைத்து, மறுநாள் சுடவைத்துக் கொடுத்தாள்.

பாப்பா பார்க்கப் போனபோது செல்லாயி மெல்லச் சொன்னாள்: “தோட்டத்துலயாச்சும் பழசு ஊசிப்போனா, புதுசுல ஒரு கரண்டி ஊத்திக்குவேன். இங்க இந்தப் பெட்டி அதையும் ஊசவிட மாட்டேங்குது.”

“அண்ணங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“இம்புட்டு வருசமும் பொய் சொன்னேன்னா? அவன் மனசு ஒடஞ்சிரும். நீயும் வாயத் தொறக்காத. விடு லா.”

அந்தக் கிண்ணத்தோடேயே ஐந்தாறு வருஷம் ஓட்டி, ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

மறுவருஷம் தீபாவளிக்கு முதல் நாள் படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துக் கும்பிடும் நாள். மாரியம்மா வைத்த மீன் குழம்பு வாசல்வரை மணத்தது. அப்பா இலையில் மீன், பக்கத்தில் ஒரு போத்தல் பீர். அம்மா இலையில் முந்தின நாள் குழம்பு. பத்துமலை தன் கையாலேயே சுடவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

படையலுக்கு வந்திருந்த பாப்பா இலைக்குக் குறுக்கே கை நீட்டினாள். “அதை எடுண்ணே. அம்மாவுக்கு மீன் வை.”

“என்னா பாப்பா, அம்மாவுக்குப் பழசுதானே பிடிக்கும்?”

“யாரு சொன்னா?”

“அம்மாதான் சொன்னாங்க லா!” அவன் கண் கலங்கியது.

 பாப்பா கிண்ணத்தை நகர்த்திவிட்டு, ஆவி பறக்கச் சோறு போட்டு, நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அம்மா இலையில் வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றார்கள்.

திரும்ப உள்ளே வந்ததும், படைத்த இலைகளில் வீட்டார் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; அம்மா இலையில் மகன்தான் உட்கார வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பத்துமலை உட்கார்ந்தான். முள்ளை ஒதுக்கி, “மீனு நல்லாருக்கு லா” என்று சொல்லிக்கொண்டே அந்த நடுத்துண்டைச் சாப்பிட்டு முடித்தான்.